ஏர் பிஸ்டல் பராமரிப்பும் பழுதும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று எங்கிருந்து வந்தாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிற பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் கேட்கிற சந்தேகங்கள் ஒன்றேதான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து மாளவில்லை. அதனால் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் காற்று சிலிண்டர் வைத்த பிஸ்டலைப் பற்றித்தான் பேச்சு; வெடிமருந்தில் சுடும் .22 பிஸ்டல் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

பிஸ்டலைக் கையில் எடு என்று எங்கே சொல்லியிருந்தாலும், உள்ளே பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்து, முனையை டார்கெட் பக்கம் வைத்து, சுடாத நேரமெல்லாம் சேஃப்டி ஃபிளாக் (உள்ளே குண்டில்லை என்று காட்டப் பேரலில், அதாவது குழலில், செருகும் பளிச்சென்ற நிறக் கயிறு) போட்டு என்பதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலிலும் அதைத் திரும்ப எழுதவில்லை.

சார், இத வீட்ல வெச்சிக்க லைசென்ஸ் வேணுமா? போலீஸ் கேட்டா இன்னா சொல்றது?

ஆயுத விதிகள் 2016-இன்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஏர் கன்னுக்கோ, 20 ஜூலுக்கு மேல் ஆற்றலுள்ள ஏர் கன்னுக்கோதான் உரிமம் தேவை. போட்டி ஏர் பிஸ்டல் 4.5 மில்லிமீட்டர். அரை கிராம் பெல்லட்டை வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது என்று கணக்குப் போட்டால் 6 ஜூல்கூட வராது. எனவே உரிமம் வேண்டாம்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது துப்பாக்கிதான். வாங்கிய ரசீதின் நகலும் கிளப் அடையாள அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பேருந்திலோ ரயிலிலோ பெட்டியைத் திறந்து பக்கத்து சீட்டுக்காரருக்குக் காட்டுகிற வேலை வேண்டாம்.

தினமும் பிராக்டீஸ் முடிஞ்சதும் என்ன பண்ணணும்?

ஐந்து நிமிட வேலை. காய்ந்த பருத்தித் துணியால் உலோகப் பகுதி முழுக்கத் துடைக்க வேண்டும், முக்கியமாகக் கை பட்ட இடங்களை. நம் ஊர் வியர்வையில் இருக்கிற உப்பு ஒரே ராத்திரியில் ட்ரிகரிலும் (விசை) சைட்டிலும் (குறிபார்க்கும் பாகம்) பழுப்புப் புள்ளி போட்டுவிடும். அப்புறம் பெல்லட் வைக்கும் இடத்தில் ஈயத்தூள் இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கிரிப் ஸ்க்ரூ ஆடுகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரின் கேஜில் காற்றழுத்தம் எத்தனை ‘பார்’ (அழுத்த அலகு) காட்டுகிறது என்று நோட்டில் எழுதிவையுங்கள். இந்த நோட்டு ஏன் என்பது கசிவு பற்றிய கேள்விக்கு வரும்போது புரியும்.

என்.சி.சி.ல புல்த்ரூ போட்டு இழுத்து எண்ணெய் விடுவோம். இதுக்கும் அப்படித்தானே?

இல்லை. அங்கே சுட்டது வெடிமருந்து உள்ள .22 ரவை. அது பேரலுக்குள் கரியை விட்டுப்போகும், அதனால் புல்த்ரூவும் (துணி கட்டிப் பேரலுக்குள் இழுக்கும் கயிறு) எண்ணெயும் தேவைப்பட்டன. ஏர் பிஸ்டலில் எரிவது எதுவும் இல்லை. ஈயம் மட்டும் மெல்லப் படியும். பேரலுக்குள் எண்ணெய் விட்டால் அடுத்த பல குண்டுகள் இஷ்டத்துக்குப் போகும். அந்த எண்ணெய் பின்பக்கமாகச் சீல் ரப்பருக்கும் இறங்கும்.

தேங்காய் எண்ணெய் போடலாமா? தையல் மெஷின் எண்ணெய்?

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். மார்கழி காலையில் வேலூரில் என்ன குளிர் என்று உங்களுக்கே தெரியும். ட்ரிகர் உள்ளே வெள்ளையாக உறைந்துபோய், விசை கனமாகிவிட்டது என்று கொண்டுவருவார்கள். வெயில் காலத்திலோ அது தூசியைப் பிடித்து வைத்துப் பிசினாகிவிடும்.

மெஷின் எண்ணெயை ஒரு துணியில் இரண்டு சொட்டு விட்டு வெளி உலோகத்தைத் துடைக்கலாம், அவ்வளவுதான். காற்று போகும் வழியில், சிலிண்டர் மரையில், ஓ-ரிங்கில் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அது படக்கூடாது. ஓ-ரிங்குக்கு என்று சிலிகான் கிரீஸ் தனியாக இருக்கிறது. விரல்நுனியில் மினுமினுப்பு தெரிகிற அளவு போதும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது உள்ளே தேவையான கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

அப்போ பேரலை எப்பத்தான் க்ளீன் பண்றது?

பிஸ்டல் கூடவே வரும் கையேட்டில் இத்தனை குண்டுக்கு ஒரு முறை என்று போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். கையேடு தொலைந்துபோனவர்களுக்கு: ஃபெல்ட் பெல்லட் என்று பஞ்சு போன்ற கம்பளித் துண்டு விற்கிறார்கள். இரண்டை ஒன்றாக வைத்துச் சுடுங்கள், காய்ந்தபடியே. ஒன்று மட்டும் வைத்தால் எடை போதாது. கறுப்பாக வருவது குறையும்வரை இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். இரும்பு பிரஷ் உள்ளே போகவே கூடாது. நூல் வைத்து இழுப்பதாக இருந்தால் பெல்லட் போகிற திசையிலேயே, பின்னாலிருந்து முன்னால் இழுக்க வேண்டும்.

சுத்தம் செய்தபின் முதல் சில குண்டுகள் கொஞ்சம் விலகி விழும். அதனால் போட்டிக்கு முதல்நாள் ராத்திரி பேரலைக் கழுவி வைக்காதீர்கள்.

எந்த பெல்லட் நல்லது? டப்பாவுல 4.49, 4.50-ன்னு போட்டிருக்கு, அதுல என்ன வித்தியாசம்?

போட்டிக்குத் தட்டை மூக்கு பெல்லட்தான். அட்டையில் வட்டமாக வெட்டிவிட்டுப் போவதால் மதிப்பெண் பார்ப்பது சுலபம். ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி., சீனத்து சியாங் யுவான் எல்லாமே போட்டிகளில் புழங்குகிறவைதான். அந்த எண் பெல்லட் தலையின் விட்டம். எது உங்கள் பேரலுக்கு ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தாங்கியில் பிஸ்டலை அசையாமல் வைத்து, ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்து குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துவந்த டப்பாவின் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எண்ணைக் குறித்து வைத்து அதே லாட்டில் மொத்தமாக வாங்குவது நல்லது.

பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடு வட்டம் 11.5 மில்லிமீட்டர். கை ஆடுவது அதைவிடப் பல மடங்கு இருக்கும்போது 0.01 மில்லிமீட்டரைத் துரத்துவதில் பயனில்லை. ஒரு நல்ல டப்பாவைப் பிடித்துக்கொண்டு சுடட்டும். டப்பாவைக் கீழே போட்டுவிட்டால் மட்டும் நசுங்கிய பெல்லட்டைப் பொறுக்கி எறியுங்கள்.

பையன் பெல்லட்ட சட்டைப் பையில போட்டுக்குறான், வாயில கூட வெச்சிக்கிறான். ஒண்ணும் ஆகாதில்ல?

ஆகும். அது ஈயம். உடம்பில் சேரச் சேரக் கெடுதல், பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். வாயில் வைக்கக் கூடாது, சட்டைப் பையிலும் வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீயும் பஜ்ஜியும். டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பொறியைக் காலி செய்யும்போது துடைப்பத்தால் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

காத்து ஏத்த பஞ்சர் கடைக்குப் போலாமா? பக்கத்துல வெல்டிங் பட்டறையில ஆக்ஸிஜன் சிலிண்டர் கூட இருக்கு.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் லாரி டயருக்கு ஏற்றுவது 8 பார் பக்கம். பிஸ்டல் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார். அங்கே போனால் நேரம்தான் வீண், ஆபத்தில்லை.

ஆக்ஸிஜன் அப்படியில்லை. அழுத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் ஒரு துளி எண்ணெயையோ கிரீஸையோ தொட்டாலே தீப்பிடிக்கலாம். சிலிண்டர் கையிலேயே வெடிக்கும். வெல்டிங் சிலிண்டரோ மருத்துவமனை சிலிண்டரோ, ஆக்ஸிஜன் ஆக்ஸிஜன்தான். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த, வடிகட்டிய காற்று மட்டும்தான்: ஹேண்ட் பம்ப், அல்லது உயர் அழுத்தக் கம்ப்ரஸர், அல்லது முக்குளிப்பவர்களும் தீயணைப்பாளர்களும் பயன்படுத்தும் வகைப் பெரிய காற்று சிலிண்டர். பெரிய சிலிண்டர் வாங்கினால் அதன் மேல் அடித்திருக்கும் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) தேதியையும் பார்த்து வாங்குங்கள்.

ஹேண்ட் பம்ப்ல அடிச்சா போதுமா? கை வலிக்குது சார்.

போதும். வலிக்கத்தான் செய்யும். வேகமாக அடித்தால் பம்ப் சூடாகிச் சீல் போய்விடும், ஈரமும் உள்ளே சேரும். நிதானமாக அடியுங்கள், நடுவில் ஆறவிடுங்கள், கழிவுத் திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். சிலிண்டருக்குள் போன ஈரம் வால்வை அரித்துவிட்டால் அதைச் சரிசெய்ய உள்ளூரில் வழியில்லை.

காலியாகும்வரை காத்திருந்து மொத்தமாக அடிப்பதைவிட, 120 பார் பக்கம் வந்ததும் கொஞ்சம் ஏற்றிவிடுவது கைக்கும் பம்புக்கும் நல்லது.

நைட்டு 200 இருந்தது, ஏசி ரேஞ்சுக்கு வந்தா 190 காட்டுது. லீக்கா?

பெரும்பாலும் இல்லை. மூடிய சிலிண்டரில் காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். 40 டிகிரியில் 200 பார் இருந்தால், 25 டிகிரி அறையில் அது ஏறக்குறைய 190 ஆகிவிடும். ஒரு துளி காற்றும் வெளியே போயிருக்காது. ஏற்றிய உடனே சிலிண்டர் சூடாக இருக்கும்போது பார்த்த எண்ணும் அப்படித்தான், ஆறினால் இறங்கும். அதனால்தான் நோட்டில் அழுத்தத்தோடு எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதச் சொல்கிறேன்.

கார் டிக்கியில வெச்சிட்டுப் போயிட்டேன், பரவாயில்லையா?

கத்திரி வெயிலில் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன அதே கணக்கு இங்கே எதிர்ப்பக்கம் ஓடும். 25 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், 60 டிகிரி டிக்கிக்குள் 220-ஐத் தாண்டும். சிலிண்டருக்குப் பாதுகாப்பு அளவு வைத்துத்தான் செய்திருப்பார்கள், உடனே வெடித்துவிடாது. ஆனால் ஓ-ரிங்கும் மரக் கிரிப்பும் கெடும். பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அல்லது பயணத்தின்போது 150 பாரோடு வையுங்கள்.

விமானத்தில் போவதாக இருந்தால் சிலிண்டரைக் காலி செய்துவிட்டு, விமான நிறுவனத்திடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நெஜமாவே லீக்குன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிலிண்டரைக் கழற்றித் தனியாக ஓர் இரவு வையுங்கள், ஒரே அறையில். காலையில் அதே அழுத்தம் இருந்தால் சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த இரவு பிஸ்டலில் மாட்டி வையுங்கள். இப்போது இறங்கியிருந்தால் கசிவு பிஸ்டல் பக்கம், அல்லது இரண்டும் சேரும் இடத்து ஓ-ரிங்கில். தனியாக வைத்தபோதே இறங்கியிருந்தால் சிலிண்டர் வால்வு. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் போனால் பாதி வேலை முடிந்தது.

சேரும் இடத்து ஓ-ரிங்கை மட்டும் நீங்களே மாற்றலாம். மரக்குச்சியால் எடுங்கள், ஊசியால் குத்தினால் அதன் பள்ளத்தில் கீறல் விழுந்து புது ரிங்கும் கசியும். அளவு சரியாக, தயாரிப்பாளர் தரும் ரிங்கே போடுங்கள். ஆரணி ரோட்டு ஹார்டுவேர் கடையில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ரிங் குழாய்க்குத் தாங்கும், 200 பாருக்குத் தாங்காது.

கழற்றும்போது ஒரு சின்ன 'புஸ்' வருவது இயல்புதான். சிலிண்டர் இறுகிவிட்டால் இடுக்கி போடாதீர்கள். மாட்டுவதும் கழற்றுவதும் கைப்பலத்தால் மட்டும். கழற்றியபின் உள்ளே மிச்சமிருக்கும் காற்றை டார்கெட் பக்கம் வெறுமனே சுட்டு வெளியேற்றிவிடுங்கள்.

ஆம்பூர்ல நல்ல தோல்ல ஒரு பெட்டி தைச்சி வாங்கலாம்னு இருக்கேன்.

ஆசை நியாயமானது, ஊரைச் சுற்றித் தோல்தானே. ஆனால் நீண்டகாலம் வைப்பதற்குத் தோல் உறை ஒத்துவராது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது தங்கிய உப்பும் அமிலமும் இரும்பைத் துருவேற்றும். வெளியே தோல், உள்ளே ஸ்பாஞ்ச் போட்டு பிஸ்டலில் தோலே படாதபடி செய்தால் சரி. சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

வீட்ல பெல்லட் இல்லாம டிரை ஃபயர் பண்ணா கெட்டுப்போகுமா?

சிலிண்டர் வகையில் டிரை ஃபயர் என்றே ஒரு நிலை இருக்கும், அதில் வைத்து எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், செய்யவும் வேண்டும். பழைய ஸ்பிரிங் வகையில் கூடாது. பெல்லட் தருகிற எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதி சீல் நொறுங்கும்.

வீட்டில் செய்யும்போது பெல்லட் டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இதில் சமாதானம் எல்லாம் இல்லை.

குண்டு எல்லாம் மேல போகுது. 'எச்'-ன்னு போட்டிருக்கற பக்கம் திருகினா இன்னும் மேல போயிடாதா?

போகாது, பெரும்பாலான ஜெர்மன், ஆஸ்திரிய மாடல்களில். பின் சைட் திருகில் இருக்கும் அந்த எழுத்து குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கிறது. மேலே விழுந்தால் 'எச்' பக்கம் திருப்பு, குண்டு இறங்கும் என்று அர்த்தம். 'டி' (T) என்றால் கீழே விழுந்தால். வேறு சில மாடல்களில் அம்புக்குறி, குண்டு போக வேண்டிய திசையைக் காட்டும். குழம்ப வேண்டாம். ஐந்து க்ளிக் ஒரு பக்கம் திருப்பி ஐந்து குண்டு சுட்டால் தெரிந்துவிடும். தெரிந்ததைப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள். போட்டியில் சோதனைச் சுடுதலுக்குக் கிடைக்கும் 15 நிமிடத்தில் யோசிக்க நேரம் இருக்காது.

எழுத்து எதுவானாலும் அடிப்படை மாறாது: பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் குண்டும் நகரும்.

குண்டு லெப்ட்லயே, கீழயே போவுது. பேரல் கோணலா கீதா சார்?

பேரல் கோணலாவது அபூர்வம். வலக்கைக்காரருக்கு இடது கீழ் என்றால் பெரும்பாலும் விரல் ட்ரிகரை இழுக்காமல் பிடுங்குகிறது. நம்பிக்கை வராவிட்டால் பிஸ்டலை நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் கொடுங்கள், அல்லது பெல்லட் தேர்வுக்குச் சொன்ன மாதிரி தாங்கியில் வைத்துச் சுடுங்கள். அங்கே நடுவில் விழுந்தால் பிஸ்டல் மேல் குற்றமில்லை. சைட்டை நான்கு க்ளிக் வலது பக்கம் திருப்பி மறைத்தால், விரல் ஒழுங்கான நாளில் குண்டெல்லாம் வலது பக்கம் போகும்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்தது. இன்னைக்கு குரூப்பே சிதறுது. எங்க பார்க்கறது?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. எடுத்தவுடன் பேரலையும் வால்வையும் சந்தேகப்பட்டு உள்ளே கை வைப்பார்கள். வெளியிலிருந்து உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

முதலில் பெல்லட்: புது டப்பாவா, வேறு லாட்டா, நசுங்கியதா. அடுத்து கேஜ்: சிவப்புப் பகுதிக்கு இறங்கிவிட்டால் ரெகுலேட்டருக்கு (ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் தரும் பாகம்) போதுமான காற்று இல்லாமல் குண்டு கீழே கீழே இறங்கும். அப்புறம் கிரிப் ஸ்க்ரூ. ஆலன் கீயால் கால் திருப்பு இறுகினால் அதுதான் காரணம். சுடச் சுட அதிர்விலும், வெயில் காலத்தில் மரம் காய்ந்து சுருங்குவதிலும் அது தளரும். பிறகு முன் சைட், பின் சைட் திருகுகள். பின் சைட்டை விரலால் பக்கவாட்டில் மெல்ல அசையுங்கள், அசையவே கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் பேரல் நுனியில் இருக்கும் காம்பென்சேட்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈயக் கீற்று இருந்தால் பெல்லட் அதில் உரசிப் போகிறது. திருகு தளர்ந்து அது சாய்ந்திருக்கிறது. அடுத்து பேரல் ஈயம், முன்னே சொன்னபடி. கடைசியாகத்தான் பெல்லட் வைக்கும் இடத்துச் சீல்: மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்று ஒன்றை அந்த இணைப்பின் மேல் போட்டு, பெல்லட்டோடு டார்கெட்டில் சுடுங்கள். காகிதம் பறந்தால் காற்று பின்னால் கசிகிறது.

500 கிராம் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுச்சி. நேத்து வீட்ல பாஸ் ஆச்சே?

ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராமைத் தாங்க வேண்டும். பேரலை மேல் நோக்கி நிறுத்தி, எடையை ட்ரிகரில் மாட்டி, மேசையிலிருந்து தூக்கும்போது விசை விடக் கூடாது. 500-க்குச் சரியாக வைத்தால் ஒரு நாள் பாஸ், ஒரு நாள் ஃபெயில் என்றுதான் இருக்கும். வெப்பம், கிரீஸ், தேய்மானம் எல்லாம் சில கிராமை இழுக்கும். 515, 520 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். அந்த இருபது கிராம் விரலுக்குத் தெரியாது.

மொத்த எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது, பிஸ்டல் 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கிரிப்பில் மரமாவு அப்பித் தடிப்பாக்குகிறவர்கள் இந்தக் கடைசி 50-ஐ மறந்துவிடுகிறார்கள்.

லீவர மூடும்போதே தானா சுட்டுடுச்சி!

உடனே நிறுத்துங்கள். அன்றைக்கு அந்த பிஸ்டல் வேண்டாம். யாரோ ட்ரிகர் உள்ளே இருக்கும் பிடிப்புத் திருகைக் குறைத்திருக்கிறார்கள், அல்லது பிடிப்பு முனை தேய்ந்திருக்கிறது. விசையின் எடை, முன்னும் பின்னும் நகர்வு, கோணம் இவற்றை நீங்கள் மாற்றலாம். பிடிப்புத் திருகை மட்டும் பயிற்சியாளர் கூட இல்லாமல் தொடக் கூடாது. வெண்ணெய் மாதிரி விடுகிற ட்ரிகர் வேண்டும் என்று இணையத்தில் பார்த்துத் திருகுகிறவர்கள்தான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

எலக்ட்ரானிக் ட்ரிகர் நல்லதா, மெக்கானிக்கலா?

இரண்டிலும் உலகப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். எலக்ட்ரானிக்கில் விசை மாறாமல் ஒரே மாதிரி இருக்கும். பேட்டரி, மின் தொடர்பு, சர்க்யூட் என்று மூன்று கவலை கூடும். போட்டிக்கு முன் புது பேட்டரி போடுங்கள், பழையது நன்றாக இருந்தாலும். கோளாறு என்றால் பார்க்க வேலூரில் ஆள் கிடையாது என்பதால் முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கலைத்தான் நான் சொல்வேன்.

போட்டி நடுவுல ரிப்பேர் ஆனா டைம் தருவாங்களா?

பழுதுபார்க்கவோ வேறு பிஸ்டல் எடுக்கவோ அனுமதிப்பார்கள், நேரம் கூட்டித்தர மாட்டார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் மனு பாகருக்கு நடந்தது இதுதான். தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, சரிசெய்து திரும்புவதற்குள் நிறைய நேரம் போய்விட்டது. மிச்ச நேரத்தில் அவசரமாகச் சுட்டு 575 எடுத்து 12-ஆவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அதே வீராங்கனை 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார்.

60 குண்டுக்கு மின்னணு டார்கெட்டில் 75 நிமிடம். பையில் இருக்க வேண்டியவை: ஆலன் கீ செட், நிரப்பிய இன்னொரு சிலிண்டர், ஓ-ரிங், பேட்டரி. பழுது என்றால் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட வேண்டும். கையில் பிடித்தபடி திரும்பிக் கோச்சைத் தேடினால் பழுதைவிடப் பெரிய பிரச்சினை ஆகிவிடும்.

கிளப்ல .22 பிஸ்டலும் குடுக்கறாங்க. அதுக்கும் இதே பராமரிப்புதானா?

இல்லை, அது வெடிமருந்து ஆயுதம். உரிமம், ஆயுத அறை, பதிவேடு எல்லாம் உண்டு. பழுது பார்ப்பதும் உரிமம் உள்ளவர்தான். உங்கள் வேலை, அனுமதித்த அளவு சுத்தம் செய்வது. கரியும், ரவையின் மேல் பூசிய மெழுகும் சேர்ந்து சேம்பரிலும் (ரவை உட்காரும் இடம்), காலி ரவையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் கீழும் அப்பும். காலி ரவை வெளியே வராமல் சிக்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். சின்ன பிரஷ், கொஞ்சம் கரைப்பான், பிறகு மெல்லிய எண்ணெய். என்.சி.சி. பழக்கம் இங்கே கைகொடுக்கும். 25 மீட்டர் போட்டிகளுக்கு ட்ரிகர் குறைந்தபட்சம் 1000 கிராம்.

ட்ரிகர் அழுத்தியும் வெடிக்காவிட்டால் முனையை டார்கெட் பக்கமே பிடித்துக் காத்திருங்கள், அதிகாரி சொல்லும்வரை திறக்க வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக 'பொத்' என்று கேட்டால் குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம்; அடுத்ததைச் சுடவே கூடாது.

செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது. என்ன பார்த்து வாங்கணும்?

முதலில் சிலிண்டரில் அச்சிட்ட தேதி. பெரும்பாலான தயாரிப்புகளில் 10 ஆண்டுதான் ஆயுள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் பரிசோதனையில் நிறுத்திவிட வாய்ப்புண்டு, பாதுகாப்பும் இல்லை. புது சிலிண்டர் விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

அடுத்து திருகுத் தலைகளைப் பாருங்கள். உள்பக்கத் திருகுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள், ரெகுலேட்டர்வரை போயிருக்கலாம். கிரிப் உங்கள் கை அளவா, வலக்கைக்கா இடக்கைக்கா என்பதையும் பாருங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலக்கை கிரிப்பை வாங்கிவந்த அப்பாக்கள் உண்டு. ஓர் இரவு கசிவுச் சோதனையும் தாங்கியில் பத்துக் குண்டும் போட்டுப் பார்க்க விற்பவர் ஒத்துக்கொண்டால் மேலே பேசலாம். அவசரப்படுத்தினால் காசை எடுக்காதீர்கள். ரசீதின் அசலையும் கேட்டு வாங்குங்கள். முதல் கேள்வியில் சொன்ன நகலை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.